விழுந்த வேகத்தில் எழுந்தவர்கள்

தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளிவிட்டுப் பார்க்காத கை நம் ஊரில் குறைவு. அடிப்பாகம் குண்டாக, கனமாக இருக்கும். மேலே ராஜாவோ ராணியோ வண்ணம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நேரே வந்து நின்றுவிடும். ஜப்பானிலும் இதே தத்துவத்தில் ஒரு பொம்மை உண்டு. 'ஒகியாகாரி கோபோஷி' என்பது அதன் பெயர். எழுந்துகொள்ளும் குட்டிச் சாமியார் என்று பொருள். ஒசாகாவுக்கு அருகில் ஒரு பஞ்சாலையில் வாலிபால் பயிற்சி கொடுத்துவந்தவருக்கு இந்தப் பொம்மைதான் ஒரு யோசனையைக் கொடுத்தது என்று அந்த அணியின் கதையைச் சொல்கிறவர்கள் சொல்வார்கள். பந்துக்காகப் பாய்கிறவள் எப்படியும் விழத்தான் போகிறாள். விழுந்த வேகத்தையே எழுவதற்கும் பயன்படுத்திக்கொண்டால் என்ன?

அந்த யோசனைக்கு ஜப்பானியரிடம் 'கைத்தென் ரெஷீபு' என்று பெயர். உருண்டு பந்தெடுத்தல். இன்று தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு பள்ளி மைதானத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி பக்கவாட்டில் பாய்ந்து, ஒற்றைக் கையால் பந்தைத் தட்டிவிட்டு, தோள்மேல் உருண்டு எழுந்து நிற்கிறாள் என்றால், அந்த அசைவு 1960-களின் தொடக்கத்தில் கைசுகா என்ற சிறு நகரின் ஆலைக் கூடத்திலிருந்து புறப்பட்டு வந்தது. நுட்பம் மட்டும் வரவில்லை. அதைப் பழக்கிய முறையும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வாலிபால் பிறந்தபோது அதில் விழுவதற்கே வேலை இருக்கவில்லை. 1895-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மோர்கன், கூடைப்பந்தின் மோதலும் ஓட்டமும் தாங்காத நடுவயது வியாபாரிகளுக்காக உருவாக்கிய ஆட்டம் அது. ஒருவரை ஒருவர் தொட வேண்டியதில்லை, நடுவில் வலை. மூச்சு வாங்காமல் ஆடலாம். அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள்தாம். ஜப்பானில் 1913-இல் வந்திறங்கிய ஃபிராங்ளின் பிரவுன் இதைப் பரப்பினார். சென்னையில் 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி, பின்னாளில் நந்தனத்தின் புகழ்பெற்ற கல்லூரியாகி, தென்னிந்தியப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பியது. கொழும்பிலும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் நுழைந்தது. 1991-இல் இலங்கை அதைத் தன் தேசிய விளையாட்டாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் கைப்பந்து, இலங்கையில் கரப்பந்து, பேச்சில் எங்கும் வாலிபால்.

ஆனால் கிழக்காசியாவில் இந்த ஆட்டம் வேறு உருவம் எடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அணிக்கு ஆறு பேர். இடம் மாறி மாறிச் சுற்றி வர வேண்டும். தூரக் கிழக்கிலோ அணிக்கு ஒன்பது பேர், சுற்று கிடையாது. முன்வரிசையில் நிற்பவர் கடைசிவரை முன்வரிசை, பின்வரிசை பின்வரிசைதான். குட்டையானவருக்கும் நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது. 1958-இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் வாலிபால் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, இரண்டு வழக்கத்துக்கும் மதிப்புக் கொடுத்து அறுவர் ஆட்டம் தனியாகவும் ஒன்பதின்மர் ஆட்டம் தனியாகவும் நடத்தினார்கள். அந்த அறுவர் ஆட்டத்தில் இந்திய ஆண்கள் வெண்கலம் வென்றார்கள். நான்கு ஆண்டு கழித்து ஜகார்த்தாவில் ஜப்பானுக்கு அடுத்ததாக வெள்ளியும் வாங்கினார்கள். ஆசியாவில் அன்று இந்தியா வலுவான அணி என்பதை இன்றைய ரசிகர் பலர் அறிந்திருக்க மாட்டார்.

உலகப் போட்டியில் ஆட வேண்டுமானால் ஜப்பான் ஒன்பதை விட்டு ஆறுக்கு மாற வேண்டியிருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கடுமை புரியும். வலைக்கு ஒரு பக்கத்து ஆடுகளம் 9-க்கு 9 மீட்டர், அதாவது 81 சதுர மீட்டர். ஒன்பது பேர் பங்கிட்டால் ஆளுக்கு 9 சதுர மீட்டர். ஆறு பேரானால் பதின்மூன்றரை. எதிரே நிற்பவர்களோ சோவியத் யூனியனின் உயரமான, தோள்வலு மிக்க பெண்கள். வலைக்கு மேலே அவர்களோடு மல்லுக்கட்டி வெல்ல முடியாது. ஆகவே அந்தப் பஞ்சாலைப் பயிற்சியாளர் தரையைப் பார்த்தார்.

அவர் பெயர் டைமட்சு ஹிரோபுமி. 1921-இல் பிறந்தவர். நிச்சிபோ என்று அழைக்கப்பட்ட பெரிய நூற்பாலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, போருக்கு இழுக்கப்பட்டு, 1944-இன் இம்பால் படையெடுப்பில் இருந்து உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர். பசியாலும் நோயாலும் மழைக்காட்டில் ஜப்பானியப் படை அழிந்த கதை அது. மனித உடல் தாங்காது என்று நினைக்கிற எல்லைக்கு அப்பாலும் தாங்கும் என்ற நம்பிக்கையை அவர் அங்கிருந்து கொண்டுவந்தார். அதில் வெற்றியும் இருந்தது, வேதனையும் இருந்தது.

போருக்குப் பிந்தைய ஜப்பானின் பஞ்சாலைகள் கிராமத்துப் பெண்களால் ஓடின. நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு ஊரை விட்டு வந்து, ஆலை விடுதியில் தங்கி வேலை செய்த பெண்கள். அவர்களுக்குப் பொழுதுபோக்காக ஆலை முற்றங்களில் வளர்ந்ததுதான் வாலிபால். செலவு அதிகமில்லை; ஒரு வலையும் ஒரு பந்தும் இருந்தால் பதினெட்டுப் பேர் ஆடலாம். ஆலைக்கு ஆலை போட்டி நடந்தது, நிறுவனத்தின் பெயரும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. 1954-இல் நிச்சிபோ தன் பல ஆலைகளில் சிதறிக் கிடந்த ஆட்டக்காரிகளைக் கைசுகா ஆலையில் ஒன்றுசேர்த்து, டைமட்சுவின் பொறுப்பில் விட்டது. அவரும் ஆலையில் அலுவல் பார்த்துக்கொண்டே பயிற்சி கொடுத்தார். பெண்களும் பகலில் வேலை, மாலையில் கூடம். பயிற்சி முடிய நள்ளிரவாகும். சில நாட்களில் அதையும் தாண்டும்.

அந்தக் கூடத்தில் உருவான நுட்பத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பும் ஆட்டக்காரர்கள் பந்துக்காகப் பாய்ந்திருக்கிறார்கள். ஆனால் பாய்ந்தவர் தரையில் கிடப்பார். அவர் எழுந்து தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் பந்து மறுபடி வந்துவிடும். அந்த ஒரு நொடி ஆறு பேர் அணி ஐந்து பேர் அணியாகிறது. உருண்டெடுப்பதில் அந்த நொடி மிச்சமாகிறது. பந்து வரும் பக்கத்துக் காலை நீளமாக எடுத்து வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, தரைக்கு மிக அருகில் வந்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் அடிபடும். தாழ்ந்த நிலையிலிருந்து சரிந்தால் அடி இல்லை. பந்தைத் தொட்ட பிறகு முழங்கால் தரையில் மோதக் கூடாது. தொடையின் வெளிப்புறம் முதலில், அடுத்து இடுப்பு, பிறகு முதுகு என்று உடல் வட்டமாகத் தரையைத் தொட்டுக்கொண்டே போகும். தலையை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு, கால்களைத் தோளுக்கு மேலே வீசினால், விழுந்த வேகமே ஆளைத் தூக்கிப் பாதத்தில் நிறுத்திவிடும். ஜூடோவில் முதல் பாடமாகச் சொல்லித்தரும் விழும் கலையை அறிந்தவர்களுக்கு இதன் சாயல் உடனே தெரியும். பலம் தேவையில்லை, உயரம் தேவையில்லை. உயரம் குறைவாக இருப்பது இங்கே வசதிதான்.

இதனால் ஆட்டத்தின் மனநிலையே மாறியது என்பதுதான் பெரிய விஷயம். எழத் தெரிந்தவளுக்கு விழப் பயமில்லை. பயம் போனால் இரண்டு மீட்டர் தள்ளி விழும் பந்தும் 'எடுக்க முடியாத பந்து' என்ற கணக்கிலிருந்து 'எடுத்துப் பார்க்கலாம்' என்ற கணக்குக்கு வந்துவிடும். எதிரணி ஓங்கி அடித்துவிட்டுப் புள்ளி கிடைத்ததாகத் திரும்பினால், பந்து இன்னும் காற்றில் இருக்கும்.

இதோடு சர்வீஸிலும் ஒரு வேலை செய்தார்கள். பந்தைச் சுழலவிடாமல், நடுவில் சட்டென்று தட்டி அனுப்பினால் அது காற்றில் தடுமாறும். எந்தப் பக்கம் விலகும் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. கடைசியில் பொத்தென்று விழும். உதிரும் இலை என்று பொருள்படும் பெயரை ஜப்பானியர் அதற்கு வைத்தார்கள். அணியின் மியாமோட்டோ எமிகோவின் இடக்கை சர்வீஸ் எதிரணிகளுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது.

1960-இல் பிரேசிலில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானியப் பெண்கள் சோவியத் அணியிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். அறுவர் ஆட்டத்துக்குப் புதிதாக வந்த அணிக்கு அதுவே பெரிது என்று மற்றவர்கள் நினைத்தார்கள், டைமட்சு நினைக்கவில்லை. 1961-இல் ஐரோப்பா முழுவதும் சுற்றி, ஆடிய ஆட்டங்களையெல்லாம் வென்றார்கள். கீழ்த்திசைப் புயல் என்று அழைக்கப்பட்டவர்கள் சீக்கிரமே 'கீழ்த்திசைச் சூனியக்காரிகள்' ஆனார்கள். 1962-இல் மாஸ்கோவிலேயே, சோவியத் ரசிகர்களின் கண்முன்னே, சோவியத் அணியை வீழ்த்தி உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார்கள்.

அத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் பலர் விரும்பினார்கள். அணித்தலைவி கசாய் மசாயேவுக்கு முப்பதை நெருங்கும் வயது. அந்தக் கால ஜப்பானில் அந்த வயதுவரை திருமணம் ஆகாத பெண்ணுக்கு எவ்வளவு பேச்சு வரும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1964 ஒலிம்பிக் டோக்கியோவில். வாலிபால் முதன்முறையாகச் சேர்கிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான முதல் குழு விளையாட்டும் அதுதான். நாடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆடுவதென்று முடிவானது.

1964 அக்டோபர் 23. கொமசாவா உள்ளரங்கம். எதிரே சோவியத் அணி. அணியின் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் நிச்சிபோ கைசுகாவின் பெண்கள். முதல் இரண்டு ஆட்டமும் 15–11, 15–8 என்று ஜப்பானுக்கு. மூன்றாவதில் ஜப்பான் 14-க்கு வந்து, ஒரே ஒரு புள்ளிக்காக நின்றது. அன்றைய விதிப்படி சர்வீஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி. சோவியத் அணி ஒவ்வொன்றாகத் துரத்தி 13-ஐத் தொட்டுவிட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சோவியத் ஆட்டக்காரி ஒருத்தியின் கை வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனதாக நடுவர் விசில் ஊத, தங்கம் முடிவானது. அந்த ஒளிபரப்பின் பார்வையாளர் அளவு டோக்கியோ வட்டாரத்தில் 66.8 விழுக்காடு. ஜப்பானியத் தொலைக்காட்சியின் விளையாட்டு ஒளிபரப்பில் அதை முந்தியது இல்லை.

பெண்கள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டைமட்சுவையும் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். பிறகு அவர் கூட்டத்திலிருந்து ஒதுங்கித் தனியாக நிற்கும் காட்சி, இச்சிகாவா கொன் எடுத்த ஒலிம்பிக் ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. பார்த்தவர் யாருக்கும் அந்த முகம் மறக்காது.

இனி அந்தக் கூடத்தின் மறுபக்கம்.

டைமட்சுவின் பயிற்சியில் பந்துகள் நிற்காது. அவர் நின்று அடித்துக்கொண்டே இருப்பார். இடது, வலது, முன்னால், தலைக்கு மேல். எதிரே ஒரு பெண் பாய்ந்து, உருண்டு, எழுந்து, மறுபடி பாய வேண்டும். எழ முடியாமல் கிடந்தாலும் அடுத்த பந்து வரும்; கூடவே திட்டும் வரும். சிபுயா நொபுகோ என்ற பெண் இயக்குநர் இந்தப் பயிற்சியைப் படமாக்கினார். 'சவால்' என்று பொருள்படும் அந்தக் குறும்படம் 1964-இல் கான் திரைவிழாவில் குறும்படத்துக்கான உயர்ந்த பரிசைப் பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் இந்தப் பயிற்சியைக் கண்டு அதிர்ந்து எழுதியது. மனித மாண்பைக் கடந்து விரட்டப்படுகிறார்கள் என்பதுதான் தலைப்பின் பொருள்.

ஆட்டக்காரிகளின் பேச்சு வேறு மாதிரி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதுமையில் பிரெஞ்சு இயக்குநர் ஜூலியன் ஃபாரோவின் 2021 ஆவணப்படத்துக்காக ஒன்றுகூடியபோது அவர்கள் கசப்போடு பேசவில்லை. வளர்ந்த பெண்கள், தாங்களே தேர்ந்துகொண்ட இலக்கு, தங்களோடு இரவு முழுக்கக் கூடத்தில் நின்ற பயிற்சியாளர் என்றுதான் நினைவுகூர்ந்தார்கள். அதை மதிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவர்களை வெறும் பலியாடுகளாகக் காட்டியதும் ஒருவகை அவமதிப்புத்தான். ஆனால் இருபது வயதைக் கடந்த பெண்கள் உலகப் பட்டத்துக்காகத் தாங்கிக்கொண்ட ஒன்று, அப்படியே பெயர்த்து எடுக்கப்பட்டு, பட்டமும் இல்லாத, தேர்வும் இல்லாத பத்து வயதுக் குழந்தைமேல் வைக்கப்பட்டது. தவறு அங்கே நடந்தது.

'என் பின்னால் வா' என்ற பொருளில் 1963-இல் டைமட்சு எழுதிய நூல் அமோகமாக விற்றது. நிறுவன மேலாளர்கள் படித்தார்கள். பள்ளி ஆசிரியர்கள் படித்தார்கள். நிச்சிபோ கைசுகாவின் தொடர் வெற்றி 258 ஆட்டங்களுக்கு நீண்டு, 1966-இல் யாஷிகா அணியிடம்தான் முடிந்தது. இவ்வளவு பெரிய வெற்றியின் காரணத்தைத் தேடியவர்கள் கண்ணில் முதலில் பட்டது திட்டும் நள்ளிரவும்தான். கால் வைக்கும் கோணமும் இடுப்பின் தாழ்வும் அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படவில்லை.

சீனத்துக்கும் இந்த விதை சென்றது. 1964 நவம்பரில் சீனம் சென்று ஆடிய நிச்சிபோ அணியைப் பார்த்த பிரதமர் சூ என்லாய், மறு ஆண்டே டைமட்சுவை வரவழைத்தார். 1965 வசந்தத்தில் சுமார் ஒரு மாதம் அவர் சீனப் பெண்களைப் பழக்கினார். பண்பாட்டுப் புரட்சி எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. பிறகு 1972-இல் ஃபுஜியான் மாகாணத்தின் ஜாங்ஜோவில் மூங்கிலால் கொட்டகை கட்டி மீண்டும் தொடங்கினார்கள். தரை மரப்பலகை இல்லை. மண்ணும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து இடித்த தளம். அதில் உருண்டவர்களின் தோல் பெயர்ந்தது. காயத்தில் மணல் ஒட்டியது. யுவான் வெய்மின் பயிற்சியில் லாங் பிங் போன்றவர்கள் 1981-இல் ஜப்பான் மண்ணிலேயே உலகக் கோப்பையையும், 1984-இல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றபோது, அந்த மூங்கில் கொட்டகை சீனத்தில் ஒரு புண்ணியத் தலம்போல ஆகிவிட்டது.

ஜப்பானிய ஆண்கள் அணி வேறு வழியில் போனது. 1964-இல் வெண்கலத்தோடு நின்ற அணியைப் பொறுப்பேற்ற மட்சுதைரா யசுதாகா எட்டாண்டுத் திட்டம் போட்டார். அவரும் கடுமையானவர்தான். ஆனால் அவருடைய பயிற்சியில் அலுப்பில்லாத ஒரு கண்டுபிடிப்பு ஆர்வம் இருந்தது. உயரமான ஆண்களைக் கைகளால் தலைகீழாக நடக்க வைத்தார். பல்டி அடிக்க வைத்தார். பந்துக்காக முன்னால் பறந்து நெஞ்சால் சறுக்கி இறங்கும் முறையைப் பழக்கினார். நம் ஆடுகளங்களில் லிஃப்டர் என்று சொல்லும் இடத்தில் நெகோதா கட்சுதோஷி. ஒருவர் குதிப்பதுபோலப் போக்குக் காட்ட, அடுத்தவர் அரை நொடி தாமதித்து எழும்பி அடிக்கும் உத்தி. மொரிதா ஜுங்கோ அதைத் தனி ஆளாகவே செய்து காட்டினார். குதிப்பதுபோல் அசைந்து நின்று, தடுக்க எழும்பிய கைகள் இறங்கும்போது உண்மையிலேயே குதித்து அடிப்பார். 1972 மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களை இழந்து, பிறகு மூன்றையும் வென்று, இறுதியில் கிழக்கு ஜெர்மனியை வீழ்த்தித் தங்கம் பெற்றார்கள். உலகம் முழுக்க இன்று சிறுவர் அணிகள்கூட ஆடும் விரைவுத் தாக்குதலின் பெரும் பகுதி அந்தப் பட்டறையில் செதுக்கப்பட்டது.

இந்த வெற்றிகளுக்கு நடுவே ஜப்பானியக் குழந்தைகளின் கையில் வந்து சேர்ந்தது ஒரு சித்திரக்கதை. உரானோ சிகாகோ 1968-இல் தொடங்கிய 'அட்டாக் நம்பர் 1', மறு ஆண்டே தொலைக்காட்சித் தொடராகி, பள்ளிச் சிறுமிகளைக் கூட்டம் கூட்டமாக வாலிபால் கூடங்களுக்கு இழுத்தது. கண்ணீரும் வியர்வையும் காயமும் நிறைந்த கதை. அந்தச் சிறுமிகளை வரவேற்ற கூடங்களில் ஒரு பயிற்சி நிலைபெற்றிருந்தது. ஜப்பானிய ஆட்டக்காரர்கள் அதை 'வன் மேன்' என்பார்கள். ஒரு பயிற்சியாளர், ஒரு பிள்ளை. அவர் அடித்துக்கொண்டே இருப்பார். சொன்ன எண்ணிக்கையை எடுக்கும்வரை பிள்ளை வெளியே வர முடியாது. மற்றவர்கள் சுற்றி நின்று குரல் கொடுப்பார்கள்.

இந்தப் பயிற்சியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அளவாகச் செய்தால் காலசைவும் கணிப்பும் வளரும். ஆனால் களைப்பு ஓர் எல்லையைத் தாண்டியதும் உடல் நுட்பத்தைக் கைவிட்டுவிடுகிறது. இடுப்பு தாழாது; நின்ற வாக்கில் விழத் தொடங்குவார்கள்; முழங்கால் முதலில் மோதும். அதன் பிறகு எடுக்கும் நூறு பந்தும் தவறான அசைவை நூறு முறை மனப்பாடம் செய்வதுதான். வளரும் எலும்புக்கு அது இரட்டைக் கேடு. பயிற்சியாளரின் கோபம் கூடக்கூட, பிள்ளையின் கண் பந்தைவிட்டு அவர் முகத்துக்குப் போகிறது.

ஜப்பானின் பள்ளிக் கல்விச் சட்டம் 1947-லிருந்தே மாணவரை அடிப்பதைத் தடை செய்கிறது. விளையாட்டுக் கூடத்தின் வாசலில் அந்தச் சட்டம் நின்றுவிட்டது. 2012 டிசம்பரில் ஒசாகாவில் ஒரு பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவன், பயிற்சியாளரின் அடி தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். நாடு அதிர்ந்தது. 2013 ஏப்ரலில் ஜப்பானிய விளையாட்டு அமைப்புகள் கூடி, விளையாட்டில் வன்முறையை ஒழிப்பதாகக் கூட்டுப் பிரகடனம் வெளியிட்டன. 2020-இல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, பிரகடனத்துக்குப் பிறகும் பிள்ளைகள் அடிபடுவதைப் பதிவு செய்தது.

மாற்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அதே வாலிபால் கூடத்திலிருந்து வந்தார். மசுகோ நவோமி 1966-இல் பிறந்தவர். 'அட்டாக் நம்பர் 1' பார்த்து ஆட வந்த தலைமுறை. 1980-களில் பள்ளி மாணவியாகவே நட்சத்திரமாகி, தேசிய அணியில் ஆடியவர். ஓய்வுக்குப் பிறகு அவர் வெளிப்படையாகச் சொன்னது பலரைத் திடுக்கிட வைத்தது: பள்ளிக் காலத்தில் தான் அடி வாங்கி வளர்ந்ததாகவும், வாலிபாலை ரசித்து ஆடியதே இல்லை என்றும் சொன்னார். 2015-இல் ஃபுகுவோகா மாகாணத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு போட்டியைத் தொடங்கினார். அதன் பெயரே விதி: 'பயிற்சியாளர் கோபப்படக் கூடாத போட்டி.' கத்துகிற பயிற்சியாளருக்குப் பெருக்கல் குறி போட்ட முகக்கவசத்தை மாட்டிவிடுவார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கோபத்தை விட்டால் வேறு எதைக் கொண்டு கற்பிப்பது என்ற கேள்வி, அந்தக் கவசம் மாட்டிய பயிற்சியாளர் முன் முதன்முறையாக வந்து நிற்கிறது. 2023-இல் ஜப்பானின் சிறுவர் விளையாட்டுக் குழுக்களின் தேசிய அமைப்புக்கு அவர் தலைவரானார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண்.

அதற்கிடையே ஆட்டமும் டைமட்சுவின் கண்டுபிடிப்புக்கு அங்கீகாரம் கொடுத்திருந்தது. 1998-இல் உலக விதிகளில் 'லிபரோ' என்ற இடம் சேர்ந்தது: வேறு நிறச் சட்டை, ஓங்கி அடிக்கவோ தடுக்கவோ கூடாது, பந்தெடுப்பதே தொழில். ஒன்பதின்மர் ஆட்டம் போனதோடு குட்டையானவர்கள் இழந்த நிரந்தர இடம் ஒருவகையில் திரும்பி வந்தது. லிபரோ அல்லாத இடத்திலும் அவர்கள் சாதித்தார்கள்: 2012 லண்டனில் ஜப்பானியப் பெண்கள் 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் பெற்ற வெண்கல அணியில், ஆட்டத்தைக் கட்டிக் காத்த லிஃப்டர் தகேஷிதா யோஷியேவின் உயரம் 159 சென்டிமீட்டர்.

இன்று ஜப்பானியத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் ஆடும் களமே தனி. வலை இரண்டு மீட்டர் உயரம். ஒரு பக்கம் 8-க்கு 8 மீட்டர். பெரியவர்களின் பந்து 260 முதல் 280 கிராம்; இவர்களுடையது 200 முதல் 220. இடம் மாறிச் சுற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒன்பதின்மர் ஆட்டத்தின் பழைய வழக்கம் குழந்தைகள் வடிவத்தில் ஒளிந்து வாழ்கிறது என்றே சொல்லலாம்.

அங்கே உருண்டெடுக்கச் சொல்லித்தருபவர்கள், நல்லவர்களாக இருந்தால், பந்தை முதலில் தொடவே விடுவதில்லை. மெத்தை விரித்து, குந்தி உட்காரச் சொல்வார்கள். அப்படியே பக்கவாட்டில் சரிந்து தொடையில் உட்கார்ந்து, முதுகில் தொட்டில்போல ஆடித் திரும்ப வேண்டும். அது பழகிய பிறகு கால்களைத் தோளுக்கு மேல் வீசி மறுபுறம் எழுவது. இரண்டு பக்கமும் சமமாக வந்த பிறகு ஓர் அடி எடுத்து வைத்துச் சரிவது. அதற்கும் பிறகுதான் பந்து. அதையும் அடிக்க மாட்டார்கள், தரையோடு உருட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு முறை, பிறகு ஓய்வு. வரிசையில் அடுத்த குழந்தை குந்துகிறாள், சரிகிறாள், முதுகில் சுழல்கிறாள். எழுந்து நின்றதும் அவள் தலை பயிற்சியாளர் பக்கம் திரும்பவில்லை. பந்து எங்கே போயிற்று என்று தேடுகிறாள்.